அஞ்செட்டி வளைவில் என்ன நடந்தது?

"வேகமாத்தான் வந்திருப்பான்."

அம்மாவின் இடது மணிக்கட்டில் மாவுக்கட்டோடு சூளகிரி வீட்டுக்குத் திரும்பிய அன்று ராத்திரியே சொந்தபந்தங்கள் தீர்ப்பு சொல்லிவிட்டார்கள். சித்தப்பா சொன்னார். அத்தை சொன்னார். எதிர்வீட்டுக்காரர், பார்த்தது போலவே சொன்னார். அப்பா மட்டும் வாய் திறக்கவில்லை. வண்டிச் சாவியை எடுத்துச் சாமி படத்துக்குப் பின்னால் வைத்தார், அவ்வளவுதான்.

அவனுக்கு 26 வயது. ஓசூர் சிப்காட்டில் வாகன உதிரிபாகம் செய்யும் ஒரு சின்ன கம்பெனியில் ஒப்பந்தத் தொழிலாளி. உருக்கு வளையங்களை அளந்து பார்த்து, அளவு தப்பியதையும் கீறல் விழுந்ததையும் தனி டிரேயில் எடுத்துப் போடுவது அவன் வேலை. ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு கூடினாலும் குறைந்தாலும் அவன் கைக்குத் தப்பாது. அப்படிப்பட்டவனுக்கு, தான் தினமும் ஏறி உட்காரும் வண்டியில் என்ன கோளாறு என்று சொல்லத் தெரியவில்லை. கோளாறு வண்டியில்தானா என்பதிலேயே நாலு நாளில் அவனுக்குச் சந்தேகம் வந்துவிட்டது. எல்லோரும் ஒரே பேச்சைப் பேசினால் அப்படித்தான் ஆகும்.

நடந்தது இதுதான். அஞ்செட்டிக்கு அந்தப் பக்கம் பாட்டி ஊர். ராகி அறுவடை முடிந்திருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை அம்மாவைக் கூட்டிக்கொண்டு போனான். திரும்பும்போது பின்பக்கக் கம்பியில் கயிறு போட்டுக் கட்டிய 25 கிலோ ராகி மூட்டை, அதற்கு முன்னால் அம்மா, அதற்கு முன்னால் அவன். வண்டி 125 சிசி. எந்தக் கம்பெனி என்பது இங்கே முக்கியமில்லை. செகண்ட் ஹேண்டில் வாங்கியது. அதற்கு வந்த நோய் எந்த வண்டிக்கும் வரும்.

அஞ்செட்டியிலிருந்து தேன்கனிக்கோட்டைக்கு வரும் பாதை காட்டுக்குள் வளைந்து வளைந்து மேலேறும். 2014-ல் அறிவிக்கப்பட்ட காவிரி வடக்கு வன உயிரினச் சரணாலயத்தைச் சேர்ந்த காடுகள் அந்த வட்டாரத்தில்தான் இருக்கின்றன. ராகி விளையும் பருவத்தில் கர்நாடகப் பக்கமிருந்து யானைக் கூட்டங்கள் வருடா வருடம் இறங்கி வரும். பொழுது சாய்வதற்குள் காட்டைத் தாண்டிவிட வேண்டும் என்பது அங்கே சின்னப் பிள்ளைக்கும் தெரியும். அன்றைக்குக் கிளம்பும்போதே நாலரை ஆகிவிட்டது.

வலது பக்கம் திரும்பும் ஒரு வளைவு. முள் 40-க்குக் கீழேதான் இருந்தது என்பதில் அவனுக்குச் சந்தேகமே இல்லை. வண்டியைச் சாய்த்தான். சாயவில்லை. இன்னும் கொஞ்சம் அழுத்தினான். முரண்டு பிடித்தது, பிறகு தொப்பென்று ஒரேயடியாகச் சரிந்தது. பயந்துபோய் இரண்டு பிரேக்கையும் சேர்த்துப் பிடித்தான். வண்டி நிமிர்ந்துகொண்டு நேராக இடதுபக்க ஓரத்து ஜல்லிக்குப் போனது. முன்சக்கரம் வழுக்கியது. அம்மா கையை ஊன்றினார்.

யானையும் வரவில்லை, எதிரே லாரியும் வரவில்லை. அந்த மட்டில் நல்லது.

சாவி சாமி படத்துக்குப் பின்னால் இருந்தாலும் வேலைக்குப் போக வேண்டுமே. மூன்றாம் நாள் அப்பாவே எடுத்துக் கொடுத்தார். "வித்துடு" என்றார். அவர் டிவிஎஸ்-50 ஓட்டிய தலைமுறை. "இத்தனை வருசம் ஐம்பதுல ரெண்டு மூட்டை வெச்சு ஓட்டிருக்கேன். ஒரு நாள் உன் அம்மாவைக் கீழே போட்டதில்ல" என்பது அவர் வாதம். அது உண்மைதான். அந்த வண்டி போகும் வேகத்தில் வளைவு என்பது பெரிய விஷயமே இல்லை என்பதும் உண்மைதான்.

முதலில் ஒரு பட்டறையில் காட்டினான். பார்த்ததும், "ஃபோர்க் பெண்டு. ரெண்டு பக்கமும் மாத்தணும்" என்று ஒரு பெரிய தொகை சொன்னார்கள். எதை வைத்துச் சொன்னார்கள் என்று கேட்டதற்குப் பதில் இல்லை. அடுத்த இடத்தில் ஒரு பையன் வண்டியை எடுத்துக்கொண்டு கடை முன்னால் இருந்த சர்வீஸ் ரோட்டில் போய்வந்தான். கையை விட்டுக்கூட ஓட்டிக் காட்டினான். "ஒண்ணுமில்லைணா, அம்பு மாதிரி நேராப் போகுது" என்றான்.

நேராகத்தான் போனது. விழுந்தது நேர்ரோட்டில் இல்லையே!

ஓசூர் வட்டாரத்தில் வண்டிக்குப் பஞ்சமில்லை. 1980-ல் டிவிஎஸ்-50 வெளிவந்தது இங்கிருந்துதான். பிஎம்டபிள்யூவின் 310 வரிசை பைக்குகள் இங்கே உருவாகிப் பல நாடுகளுக்குப் போயிருக்கின்றன. ஏத்தர் மின்சார ஸ்கூட்டர் ஓசூரில், ஓலா ஸ்கூட்டர் போச்சம்பள்ளியில். ஷிஃப்ட் முடியும் நேரத்தில் சிப்காட் வாசலில் நின்று பார்த்தால் போதும், கண்ணுக்கு எட்டிய தூரம் வரை ஹெல்மெட்தான். ஆனால் இவ்வளவு வண்டிகளும் தினமும் ஓடுவது பெரும்பாலும் தேசிய நெடுஞ்சாலை 44-ல். அத்திப்பள்ளி எல்லையிலிருந்து கிருஷ்ணகிரி வரை அகலமான, பெரிய திருப்பங்கள் இல்லாத ரோடு. சூளகிரியிலிருந்து ஓசூருக்கு அவன் தினமும் போய்வரும் ஏறக்குறைய 50 கிலோமீட்டரில் வண்டியை உண்மையாகச் சாய்க்க வேண்டிய இடம் என்று ஒன்றுகூட இல்லை. ஆறு மாதம் முன்பே வண்டிக்கு உடம்பு கெட்டிருந்தாலும் அந்த ரோடு அவனுக்குச் சொல்லியிருக்காது.

கூட வேலை பார்க்கும் ஒருவர்தான் பாகலூர் ரோட்டுப் பட்டறையைச் சொன்னார். அங்கே இருக்கும் மெக்கானிக்குக் கண்ணாடி போட்ட வயது. எல்லையூர்ப் பட்டறை என்பதால் தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றிலும் வண்டியைத் திட்டுவார். அவர் முதலில் வண்டியைத் தொடவே இல்லை. ஸ்டூலை இழுத்துப் போட்டு அவனை உட்கார வைத்து விசாரிக்க ஆரம்பித்தார். நாடி பிடிக்கும் முன்னால் என்ன சாப்பிட்டாய் என்று கேட்கும் வைத்தியர் போல.

"எந்தப் பக்கம் திரும்பும்போது, தம்பி?"

"வலது பக்கம்ணா. இடது பக்கம் அவ்வளவா தெரியல."

"வளைவுக்குள்ள நுழையும்போதா, நடுவுலயா, வெளிய வரும்போதா?"

"நுழையும்போது. சாயவே மாட்டேங்குது. அப்புறம் திடீர்னு விழுது."

"பிரேக் பிடிச்சதுக்கு முன்னாடியா, பின்னாடியா?"

"முன்னாடிங்க."

"தனியாப் போகும்போதும் இருக்கா?"

அதை அவன் யோசித்ததே இல்லை. இருக்கிறது, ஆனால் குறைவு என்று சொன்னான்.

"ஹேண்டில் மட்டும் படபடன்னு ஆடுதா? இல்ல, மொத்த வண்டியும் பாம்பு மாதிரி நெளியுதா?"

இரண்டும் இல்லை என்றான். இந்தக் கேள்வி அவனுக்குப் பொருந்தாவிட்டாலும் தெரிந்து வைத்துக்கொள்ள வேண்டியது. ஹேண்டில் மட்டும் நொடிக்கு 4 முதல் 10 முறை வரை வேகமாக நடுங்கினால் பெரும்பாலும் முன்பக்கம் பார்க்க வேண்டும்: முன் டயர், கோன்செட், வீல் பேரிங். வண்டியே நொடிக்கு 2 முதல் 4 முறை மெதுவாக நெளிந்தால் பின்பக்கம்: பின் சக்கரத்தைத் தாங்கும் ஸ்விங் ஆர்மின் புஷ், காற்று, பின்னால் கட்டிய சுமை. மெக்கானிக்கிடம் போய் 'வண்டி ஆடுது' என்று பொதுவாகச் சொல்வதும், டாக்டரிடம் போய் 'உடம்பு சரியில்லை' என்று சொல்வதும் ஒன்றுதான்.

கடைசியாக ஒன்று கேட்டார்: "சமீபத்துல வண்டியில எதையாவது கழட்டி மாட்டினாங்களா?"

மூன்று மாதம் முன்னால் பின் சக்கரம் பஞ்சர். கழற்றி ஒட்டினார்கள். அதைத் தவிர எதுவும் இல்லை.

அவர் எழுந்தார். ஸ்பேனரை எடுக்கவில்லை, காற்று பார்க்கும் கேஜை எடுத்தார். முன்னால் 19 பி.எஸ்.ஐ. இருந்தது, பின்னால் 24. இந்த அளவு வண்டிகளில் பெரும்பாலும் முன்னால் 25, பின்னால் தனியாகப் போக 28, இரண்டு பேர் என்றால் 32 அல்லது 33 என்ற கணக்கில் கேட்பார்கள். சரியான எண் அந்தந்த வண்டியின் செயின் கவரிலோ ஸ்விங் ஆர்மிலோ ஸ்டிக்கராக ஒட்டியிருக்கும். அவன் வண்டியிலும் இருந்தது, சேற்றுக்குக் கீழே. காற்று குறைந்த முன் டயர் திரும்பும்போது மசமசவென்று நசுங்கும். ஹேண்டில் கனமாகும், சொன்ன பேச்சுக்குத் தாமதமாகப் பதில் சொல்லும். ஐந்து ரூபாய் சமாச்சாரம்.

"இது மட்டும் இருக்காது" என்றார் தனக்குத்தானே.

பின் டயரின் குறுக்கே உள்ளங்கையை வைத்து இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரை தடவினார். பிறகு அவன் கையைப் பிடித்து அதே மாதிரி தடவ வைத்தார். "புது டயர் கவுத்து வெச்ச தேங்காய் மூடி மாதிரி இருக்கும். உன்னோடது மணைப் பலகை."

உண்மையாகவே நடுவில் தட்டையாக இருந்தது. இரண்டு பக்கமும் பூ அப்படியே புதிது போல இருக்க, நடுவில் மட்டும் தேய்ந்து டி.டபிள்யூ.ஐ. குறி மட்டத்துக்கு வந்திருந்தது. நேர்ரோட்டில் மாதக்கணக்காக ஓடினால் டயர் இப்படித்தான் தேயும். உருண்டையான டயர் சாயும்போது ஒரே சீராக உருண்டு கொடுக்கும். தட்டையான டயர் அந்தத் தட்டையை விட்டு நகர மறுக்கும். வலுக்கட்டாயமாகச் சாய்த்தால் தட்டையின் விளிம்பு வரை வந்து, அங்கிருந்து சரேலென்று மறுபக்கம் விழும். முரண்டு பிடித்துத் தொப்பென்று சரிந்தது என்று அவன் சொன்னானே, அதற்கு இதைவிடப் பொருத்தமான விளக்கம் இல்லை. ஓரத்தில் பூ இருப்பதைப் பார்த்து 'டயர் நல்லாத்தான் இருக்கு' என்று சொல்கிறவர்கள்தான் அதிகம். கண்ணால் பார்த்தால் ஏமாற்றும்; கையால் தடவினால் தெரிந்துவிடும்.

பிறகு சென்டர் ஸ்டாண்டு போட்டு, எஞ்சினுக்கு அடியில் ஒரு கட்டையைக் கொடுத்து முன்சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கினார். ஹேண்டிலை ஒரே ஒரு விரலால் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு மெதுவாக நகர்த்தச் சொன்னார். நகர்த்தினான். வழுக்கிக்கொண்டு வந்த ஹேண்டில், நேர்நிலைக்கு வந்ததும் 'டொக்' என்று ஒரு பள்ளத்தில் உட்கார்ந்தது. அங்கிருந்து கிளப்ப விரலுக்குக் கொஞ்சம் பலம் தேவைப்பட்டது.

"கோன்செட் போச்சு."

அதைக் கழற்றியபோதுதான் அவனுக்கு ஒரு மாதிரி ஆகிவிட்டது. கையில் எடுத்துக் கொடுத்தது ஒரு உருக்கு வளையம். தினமும் நூற்றுக்கணக்கில் அவன் கையில் உருளும் அதே ஜாதி. குண்டுகள் ஓடும் பாதையில் வரிசையாகச் சின்னச் சின்னப் பள்ளங்கள். நகத்தை வைத்தான். நகம் ஒவ்வொன்றிலும் நின்று நின்று போனது. வேலையில் இப்படி ஒன்று வந்தால் அளந்து பார்க்காமலே தூக்கிப் போட்டிருப்பான். அதன் மேல் அம்மாவை வைத்து ஓட்டியிருக்கிறான்.

இதற்கும் நேர்ரோடுதான் காரணம் என்றால் நம்பக் கஷ்டமாக இருக்கும். ஹேண்டில் அதிகம் திரும்பாமல் ஒரே நிலையில் நிற்கும்போது குண்டுகளும் ஒரே இடத்தில் நிற்கின்றன. ஒவ்வொரு பள்ளமும், டோல்கேட் முன்னால் போட்டிருக்கும் ஒவ்வொரு வரிமேடும் அதே இடத்தில் சுத்தியலாக அடிக்கிறது. வாட்டர் சர்வீஸ் என்ற பெயரில் பீய்ச்சி அடிக்கும் தண்ணீரில் கிரீஸ் வேறு போய்விடும். இதில் வேடிக்கை, பள்ளம் விழுந்த கோன்செட் கொஞ்ச நாள் வண்டியை நேராகப் பிடித்து வைத்துக்கொள்ளும். அந்தப் பையன் கையை விட்டு ஓட்டிக் காட்டியபோது வண்டி அம்பு மாதிரி போனதற்கு இதுவும் ஒரு காரணமாக இருந்திருக்கலாம்.

ஹேண்டில் ஏன் அவ்வளவு லேசாகத் திரும்ப வேண்டும்? இரண்டு சக்கர வண்டி விழாமல் ஓடுவதே, அது சாயும் பக்கம் முன்சக்கரம் தானாகத் திரும்பிக் கொடுப்பதால்தான். சுழலும் சக்கரம் பம்பரம் மாதிரி நிற்பதால் வண்டி நிற்கிறது என்றுதான் பலர் நம்பிக்கொண்டிருக்கிறார்கள். 2011-ல் 'சயின்ஸ்' இதழில் நெதர்லாந்தின் டெல்ஃப்ட், அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஒரு சைக்கிளைப் பற்றி எழுதினார்கள். சுழற்சியின் பம்பர விளைவை ரத்து செய்யும்படி எதிர்த்திசையில் சுழலும் சக்கரங்களை அதில் பொருத்தியிருந்தார்கள். சூப்பர் மார்க்கெட் தள்ளுவண்டிச் சக்கரம் போலப் பின்னால் இழுபடும் தன்மையையும் எடுத்துவிட்டிருந்தார்கள். தள்ளிவிட்டதும் ஆளில்லாமலே அது தன்னைத் தானே நிமிர்த்திக்கொண்டு ஓடியது. சாயும் பக்கம் ஹேண்டில் தடையில்லாமல் திரும்பியதுதான் முக்கியம். அந்தத் தடையில்லாத அசைவை ஒரு மில்லிமீட்டர்கூட இல்லாத பள்ளம் கெடுத்துவிடுகிறது.

மெக்கானிக் இந்த ஆராய்ச்சியெல்லாம் படித்தவர் இல்லை. "ஹேண்டில் மூச்சு விடணும் தம்பி" என்று மட்டும் சொன்னார்.

வலது பக்கம் மட்டும் அதிகமாக இருந்ததே, அது பாக்கி. கொத்தனார் வைத்திருப்பது போன்ற நூல் ஒன்றை எடுத்தார். பின் சக்கரத்தைச் சுற்றிப் போட்டு இரண்டு பக்கமும் முன்சக்கரம் வரை இழுத்துப் பிடித்துப் பார்த்தார். ஒரு பக்கம் நூல் சக்கரத்தை ஒட்டிப் போனது, மறுபக்கம் விலகி நின்றது. பின் சக்கரம் கொஞ்சம் ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டிருந்தது! பஞ்சர் ஒட்டிவிட்டுச் செயின் டைட் வைத்தவர், இரண்டு பக்கத்துக் கோடுகளையும் ஒரே எண்ணிக்கையில் வைக்காமல் விட்டிருக்கிறார். ஒரு பக்கம் மூன்று, மறு பக்கம் ஐந்து. சக்கரம் கோணலாக நின்றால் வண்டி ஒரு பக்கம் சுலபமாகத் திரும்பும், இன்னொரு பக்கம் அடம் பிடிக்கும். பத்து நிமிட வேலை. இதற்குக் காசு வாங்கவில்லை.

ஃபோர்க்கைக் கீழே பிடித்து முன்னும் பின்னும் இழுத்துப் பார்த்தார். பின் சக்கரத்தைப் பக்கவாட்டில் ஆட்டிப் பார்த்தார். இரண்டும் சரியாக இருந்தன. முதல் பட்டறையில் சொன்ன ஃபோர்க் பெண்டு, கடைசி வரை கண்ணில் படவே இல்லை.

எல்லாம் முடிந்தது என்று அவன் நினைத்தபோதுதான், "அன்னைக்குப் பின்னாடி என்ன வெச்சிருந்த?" என்று கேட்டார்.

சொன்னான்.

அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பின்பக்க ஷாக்கின் அடியில் இருக்கும் வளையத்தைக் காட்டினார். ஐந்து படிகள். வண்டி முதல் படியில் இருந்தது, தனி ஆளுக்கான மெத்தென்ற நிலை. அதைத் திருப்பும் கொக்கிச் சாவி சீட்டுக்கு அடியில் டூல் கிட்டில் இருந்தது. அந்தப் பையை அவன் பிரித்ததே இல்லை. அம்மா, அதற்கும் பின்னால் பின் அச்சைத் தாண்டி 25 கிலோ, போதாததற்கு ஏற்றம். பின்பக்கம் உட்கார்ந்துவிட்டது. பின்னால் உட்கார்ந்தால் முன்பக்கம் தூக்கும். ஃபோர்க் மல்லாந்து படுக்கும். முன் டயருக்கு ரோட்டின் மேல் இருக்கும் பிடி குறையும். அப்படி நிற்கும் வண்டி வளைவில் உள்ளே திரும்பாது, அகலமாக வெளியே போகப் பார்க்கும்.

"மூட்டையை டேங்க் மேல வெச்சிருந்தாக்கூட இவ்வளவு ஆயிருக்காது" என்றார். பிறகு, "நீ கால் மேல வெச்சு ஓட்டிருப்பியா, அதுவும் தப்பு" என்று தானே சேர்த்துக்கொண்டார்.

புது டயர், கோன்செட், கூலி எல்லாம் சேர்த்து மூவாயிரத்தைச் சொச்சம் ஆனது. ஃபோர்க் மாற்றச் சொன்ன இடத்தில் கேட்டதில் பாதிகூட இல்லை. ஆனால் அவர் சாவியைக் கொடுக்கவில்லை. "வா, நீ ஓட்டு, நான் பின்னாடி உக்கார்றேன்" என்று ஏறிக்கொண்டார். தளி ரோட்டுப் பக்கம் போனார்கள். இரண்டு வளைவு தாண்டியதும் தோளில் தட்டி நிறுத்தச் சொன்னார்.

வண்டி இப்போது குழந்தை மாதிரித் திரும்புகிறது. ஆனால் ஓட்டுகிறவனின் இரண்டு கைகளும் இரும்புக் கம்பி மாதிரி விறைத்திருக்கின்றன. பார்வை வளைவு போகும் இடத்தில் இல்லை, ஓரத்து ஜல்லியில் இருக்கிறது. விழுந்த நாளிலிருந்து வந்த பயமா, அதற்கு முன்பே இருந்த பழக்கமா, அவனுக்கே தெரியவில்லை. "எங்க பாக்கிறியோ அங்கதான் வண்டி போகும். ஜல்லியைப் பாத்தா ஜல்லிக்குத்தான் போகும்" என்றார். "வேகத்தை வளைவுக்கு முன்னாடியே குறைச்சிடு. உள்ள போய் பிரேக்கைத் தேடாத. வலது பக்கம் திரும்பணும்னா வலது கையை லேசா முன்னாடி தள்ளு."

"முன்னாடி தள்ளினா ஹேண்டில் இடது பக்கம்ல திரும்பும்?"

"தள்ளிப் பாரு."

தள்ளினான். வண்டி வலது பக்கம் சாய்ந்து, வெண்ணெயில் கத்தி போல வளைவுக்குள் போனது. ஏழெட்டு வருடமாக அவன் தெரியாமலே செய்துகொண்டிருந்ததுதான் இது. விமானம் கண்டுபிடித்த ரைட் சகோதரர்கள் அதற்கு முன் சைக்கிள் கடை வைத்திருந்தவர்கள். இடது பக்கம் எப்படித் திரும்புகிறீர்கள் என்று வில்பர் ரைட் பல சைக்கிள்காரர்களைக் கேட்டுப் பார்த்திருக்கிறார். முதலில் ஒரு கணம் வலது பக்கம் திருப்புகிறோம் என்று ஒருவராவது சொல்லவில்லையாம். உடம்புக்குத் தெரிந்தது வாய்க்குத் தெரிவதில்லை. பயம் வந்தால் உடம்பும் மறந்துவிடும் என்பதுதான் தொல்லை.

சொந்தக்காரர்களின் தீர்ப்பிலும் ஒரு துளி நியாயம் இருந்ததை மறைக்கக் கூடாது. சுமார் 30 மீட்டர் ஆரமுள்ள வளைவை 36 கி.மீ. வேகத்தில் எடுத்தால் வண்டி ஏறக்குறைய 19 டிகிரி சாய வேண்டும். அதே வளைவை 54-ல் எடுத்தால் 37 டிகிரி. வேகம் ஒன்றரை மடங்குதான் கூடுகிறது. சாய்வு கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. அவன் 40-க்குக் கீழேதான் வந்தான். நல்ல வண்டிக்கு அது வேகமே இல்லை. அன்றைய வண்டிக்கு, அன்றைய சுமைக்கு, யானைக்குப் பயந்து வந்த அன்றைய மனநிலைக்கு அது அதிகம்தான். காற்று, டயர், கோன்செட், கோணல் சக்கரம், மூட்டை, பிரேக் என்று ஆறையும் வரிசையாக நிற்க வைத்து, இதில் யார் தள்ளிவிட்டது என்று கேட்டால் மெக்கானிக்காலும் சொல்ல முடியாது. அவன் கேட்டான். "எல்லாரும் ஆளுக்கொரு கை வெச்சாங்க" என்றார்.

வீட்டில் அம்மா கேட்டார். "என்னவாம்?"

"டயர் தேஞ்சு போச்சும்மா. கோன்செட்டும் போயிடுச்சு."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான்."

பின்னால் கட்டிய மூட்டையைப் பற்றி அவன் சொல்லவில்லை. 'நீ வேண்டாம்னுதான் சொன்ன, நான்தான் கட்டுன்னேன்' என்று அம்மா அந்தக் கட்டுப் போட்ட கையைப் பார்த்துக்கொண்டு ஆரம்பித்துவிடுவார் என்று அவனுக்குத் தெரியும். அப்பா பழைய கோன்செட்டை வாங்கி வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். நகத்தால் சுரண்டினார். விற்கிற பேச்சை அதற்குப் பிறகு எடுக்கவில்லை.

ஆறு வாரம் கழித்து மாவுக்கட்டைப் பிரித்தார்கள். மாசி கடைசியில் பாட்டிக்கு உடம்பு முடியவில்லை என்று போன் வந்தது. பஸ்ஸில் போகலாம் என்று அவன் சொல்வதற்குள் அம்மா சேலையைச் செருகிக்கொண்டு வண்டிப் பக்கத்தில் வந்து நின்றார். கிளம்பும் முன் காற்று பார்த்தான், ஷாக்கை மூன்றாம் படிக்குத் திருப்பினான். அம்மா எதுவும் கேட்காமல் பார்த்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் திரும்பும்போது பாட்டி மறுபடியும் ஒரு ராகி மூட்டையைத் தயாராகக் கட்டி வைத்திருந்தார். அவன் வாயெடுப்பதற்குள் அம்மா முந்திக்கொண்டார். "அது பஸ்ல வரட்டும். மாமன் ஏத்தி விடுவான், ஓசூர்ல எறக்கிக்கலாம்."

மதியம் இரண்டு மணிக்கே கிளம்பிவிட்டார்கள். காட்டுக்குள் வெயில் நன்றாக அடித்துக்கொண்டிருந்தது. ஒரு வளைவில் அம்மாவின் கை அவன் தோளை இறுக்கிப் பிடித்தது.

"இங்கதானே?"

அவன் வளைவின் கடைசியைப் பார்த்துக்கொண்டிருந்தான். "ஆமாம்மா" என்று சொல்லும்போது அந்த இடம் பின்னால் போயிருந்தது.